களத்தில் ஒரு கான்டெஸா

டிரிஃப்ட் ஓட்டுவதற்காக, அதாவது காரைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டே வளைவெடுப்பதற்காக, நான் வாங்கிய பழைய கான்டெஸா காரைப் பற்றிக் கேள்விப்படுகிறவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "ஏற்காட்டு மலையில ஒரு ரவுண்டு விட்டுப் பாத்துட்டியா?"

இல்லை. விடவும் மாட்டேன். அடிவாரத்திலிருந்து ஏற்காடு போய்ச் சேர 20 கொண்டை ஊசி வளைவு. பிளஸ் டூ முடித்த வருடம் அப்பாவின் எக்ஸெல் வண்டியை எடுத்துக்கொண்டு, பெரிய ரேஸ்காரன் மாதிரி சாய்த்து ஓட்டுவதாக நினைத்துக்கொண்டு அந்த வளைவுகளில் இறங்கினேன். ஒரு வளைவில் எதிரே பஸ். கொண்டை ஊசியில் பஸ் திரும்ப ரோடு மொத்தமும் வேண்டும் என்பது எனக்கு அதுவரை உறைத்ததில்லை. ஓரத்துச் சுவரில் உரசித்தான் நின்றேன். டிரைவர் கத்தவில்லை. ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, "எதிர்ல ஆள் வராதுன்னு உங்கிட்ட யாரு தம்பி சொன்னா?" என்று கேட்டுவிட்டு கியரைப் போட்டுப் போய்விட்டார். எக்ஸெல்லின் ஹேண்டில்பார் வளைந்ததற்கு அப்பாவிடம் வேறு கதை சொன்னேன்.

டிரிஃப்ட் வளர்ந்ததே ஜப்பானின் மலை ரோடுகளில்தானே என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். உண்மைதான். கெய்ச்சி சுச்சியா மலை வளைவுகளில் ஓட்டிப் பழகித்தான் 'டிரிஃப்ட் கிங்' ஆனார். ஆனால் அவருக்கு முன்பே, 1970-களில், குனிமிட்சு தகாஹாஷி என்ற ரேஸ் டிரைவர் டிராக்கில் காரைப் பக்கவாட்டில் வீசி வளைவெடுத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துத்தான் சுச்சியாவுக்கே ஆசை வந்தது. டிராக்கிலிருந்து மலைக்குப் போன விஷயம், இன்று போட்டி என்று வந்தால் மறுபடி மூடிய டிராக்குக்கே வந்துவிட்டது. எனக்கு மலையும் இல்லை, டிராக்கும் இல்லை. கிடைத்தது ஆத்தூர் தாண்டி ஒரு சேகோ பேக்டரியில், அதாவது ஜவ்வரிசி ஆலையில், திப்பி என்கிற கிழங்குச் சக்கை காயவைக்கும் களம்.

நான் கொலுசுக்காரன். சேலம் சிவதாபுரத்தில் வீட்டோடு ஒட்டிய பட்டறை. அப்பா, நான், சித்தப்பா மகன், இன்னும் இரண்டு பேர். கம்பி இழுப்பது, கண்ணி கோப்பது, பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பது, மெருகு. கூலி கிலோ கணக்கில். 19 வயதிலிருந்து சேர்த்தது 22 வயதில் 2 லட்சத்து 10 ஆயிரம் ஆகியிருந்தது. அம்மா மனதில் ஒரு புது பைக் இருந்தது. அப்பா, "வெள்ளியாவே வாங்கி வெச்சுக்கடா" என்றார். வெள்ளி விலை அதன் பிறகு போன போக்கைப் பார்த்தால் அப்பா சொன்னதைக் கேட்டிருக்கலாம். அதைப் பற்றி எங்கள் வீட்டில் இப்போது யாரும் பேசுவதில்லை.

எனக்கு வேண்டியது பின் சக்கரம் தள்ளுகிற கார். இன்றைக்கு ரோட்டில் ஓடும் சின்னக் கார்கள் பெரும்பாலும் முன் சக்கரத்தால் இழுப்பவை. அவற்றில் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து வாலை ஒரு தடவை வீசலாம், அவ்வளவுதான். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் முன்பக்கம் இழுத்து கார் நேராகிவிடும். பின் சக்கரத்துக்கு சக்தி போகிற காரில்தான் வழுக்குகிற சக்கரத்தை வலது காலால் வழுக்கவிட்டுக்கொண்டே, முன் சக்கரத்தால் திசை பிடிக்கலாம்.

அப்படிப்பட்ட பழைய கார் நம் ஊரில் எத்தனை? அம்பாசடர், பத்மினி, பிரீமியர் 118 என்.இ., கான்டெஸா. பழைய பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ் கூட வாங்கலாம்தான்; அப்புறம் ஒவ்வொரு பார்ட்ஸுக்கும் ஒரு மாதம் உட்கார்ந்து கொலுசு பற்றவைக்க வேண்டும். ஆம்னி வேனை நான் யோசிக்கவே இல்லை. (யோசித்தேன். ஒரு வாரம்.) 118 என்.இ. எனக்கு மிகவும் பிடித்த கார். ஃபியட் 124-இன் உடம்பு, உள்ளே நிஸ்ஸானின் 1,171 சி.சி. இன்ஜின், லேசான வண்டி. ஆனால் 50 குதிரை சொச்சம்தான். கான்டெஸா 1.8-இல் இசுசூ இன்ஜின், 5 கியர், 80-க்கு மேல் குதிரை. கூடவே ஒரு வசதி. இந்துஸ்தான் மோட்டார்ஸ் பிறகு அம்பாசடர் 1800 ஐ.எஸ்.இசட்.டிலும் 1.8 லிட்டர் இசுசூ இன்ஜினைத்தான் வைத்தார்கள். அந்த அம்பாசடர் டாக்ஸிகளைப் பிரித்துப் பிரித்துக் கை பழகிய மேஸ்திரிகள் சேலத்தில் இன்னும் இருக்கிறார்கள். என் முடிவு அதில்தான் விழுந்தது.

கார் இருக்கும் இடத்தைச் சொன்னது எங்களிடம் கொலுசு எடுக்கும் ஒரு வியாபாரி. ஆத்தூருக்கும் தலைவாசலுக்கும் நடுவில் ஒரு சேகோ பேக்டரி. மே மாதம், குச்சிக்கிழங்கு சீசன் முடிந்து மிஷின் எல்லாம் நின்றிருந்தது. ஷெட்டின் மூலையில் திப்பி மூட்டைகளுக்குப் பின்னால், ஏழெட்டு வருடத்து மாவுத் தூசியைப் போர்த்திக்கொண்டு நின்றது. விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தபோதுதான் நிறம் மெரூன் என்று தெரிந்தது. 1997 மாடல்.

முதலாளிக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காரைச் சுற்றி என் கூடவே நடந்தார். சேகோசர்வ் என்கிற ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கத்து ஏலத்துக்கு சேலம் போவது இதில்தானாம். டிரைவர் ஓட்டுவார், இவர் பின் சீட்டில். "இந்த ஏ.சி. இருக்கே தம்பி, ஆத்தூர்ல கண்ண மூடுனா சேலத்துலதான் முழிப்பேன்" என்று டாஷ்போர்டைத் தட்டிக் காட்டினார். மாவு பறந்தது.

"வாங்கி என்ன பண்ணப் போறீங்க?"

"ரீஸ்டோர் பண்ணத்தானுங்க ஐயா. ஒரு போல்ட்டு மாறாம, கம்பெனியில இருந்து வந்த மாதிரி."

2 லட்சத்து 25 ஆயிரம் சொன்னவர் 1 லட்சத்து 60 ஆயிரத்துக்கு இறங்கினார். பழைய வண்டியை மதிக்கிற பையன் என்று நினைத்துவிட்டார். அந்தப் பொய்யின் விலை 65 ஆயிரம் ரூபாய், அதை நான் பல ராத்திரி கணக்குப் பார்த்திருக்கிறேன்.

பழைய கார் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. எங்கள் பட்டறையில் வெள்ளிப் பொடியில் இரும்புத் துகள் கலந்திருந்தால் எடுக்க ஒரு காந்தம் வைத்திருப்போம். அதை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். தகடு இருக்கிற இடத்தில் ஒட்டும், பட்டி அடித்த இடத்தில் ஒட்டாது. கதவு, பானெட் எல்லாம் கப்பென்று பிடித்தது. இடது பின் சக்கரத்துக்கு மேலே வைத்தேன், நழுவிக் கீழே விழுந்தது. உள்ளங்கை அளவு பட்டி. மேட்டைத் தூக்கித் தரையையும் பார்த்தேன், டிக்கிக்குள் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தையும் பார்த்தேன். பரவாயில்லை.

பார்க்காமல் விட்டது பேப்பர். சொந்தக் காருக்கு 15 வருடம் முடிந்தால் 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். 2012-இல் செய்திருந்தார்கள், 2017-இல் விட்டுவிட்டார்கள். அந்தக் கட்டணமும் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ஆகியிருந்தது. தாமதத்துக்குத் தனியாக வேறு. ஆர்.டி.ஓ. ஆபீஸ் நடையைப் பற்றி எழுதினால் இந்தப் பதிவு முடியாது.

முதல் மழைக்கு வருகிறேன். அக்டோபர். ஆர்.சி. வந்து பத்து நாள். ஐந்து ரோடு மேம்பாலத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன், 30 கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. லேசாக பிரேக்கில் கால் வைத்தேன். காரின் பின்பக்கம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வலப்பக்கம் கிளம்பியது. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை. கார் ரோட்டுக்குக் குறுக்கே நின்றபோது பின்னால் வந்துகொண்டிருந்த ஆட்டோக்காரர் ஹாரன்கூட அடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரிஃப்ட் கார் வாங்கியவனின் முதல் டிரிஃப்ட் அது. கால் நடுக்கம் நிற்க கொண்டலாம்பட்டி வரைக்கும் ஆனது.

கொண்டலாம்பட்டியில்தான் மேஸ்திரியின் பட்டறை. ஒரு காலத்தில் அம்பாசடர் டாக்ஸி, இப்போது முழுக்க லாரி. காரை ஜாக்கியில் தூக்கி, அடியில் படுத்து, கடப்பாரையைப் பின் ஆக்ஸிலுக்கும் அதைப் பிடித்திருக்கும் ஆர்முக்கும் நடுவில் விட்டு ஒரு நெம்பு நெம்பினார். 'டொக்'. மறுபக்கம் நெம்பினார். மறுபடி 'டொக்'. "இங்க வா, படு" என்றார். நானும் பக்கத்தில் படுத்தேன். ஆர்மின் முனையில் இரும்பு வளையத்துக்குள் ரப்பர் புஷ் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஏதோ கருவாடு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. நெம்பும்போதெல்லாம் முழு ஆக்ஸிலும் ஒரு விரல்கடை அளவு அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்தது. அதாவது நான் ஸ்டியரிங்கைத் தொடாமலேயே பின் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது.

அப்புறம் டயர். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒரு சின்னக் கட்டத்துக்குள் இருக்கும்: முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். என் டயரில் 2308. 2008-ஆம் வருடத்து 23-ஆம் வாரம். பட்டன் ஆழமாகத்தான் இருந்தது, அதைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். மேஸ்திரி நகத்தால் அழுத்தினார், தடமே விழவில்லை. "இது டயர் இல்ல தம்பி, கொட்டாங்குச்சி."

என் ஆசையை அவரிடம் சொல்ல அதுதான் நேரம் என்று தோன்றியது. போனில் இரண்டு வீடியோ காட்டினேன். படுத்தவாக்கிலேயே பார்த்தார். எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "சரி. மொதல்ல இது தானா வழுக்கறத நிறுத்துவோம். அப்பறம் நீ வழுக்க வெச்சுக்க" என்றார்.

அந்த முதல் பாதிக்கு மட்டும் பதினாலு மாதம் ஆனது. பழைய புஷ்ஷை ஹாக்ஸா பிளேடால் அறுத்து எடுத்து, லேத்துப் பட்டறையில் அளவெடுத்து, பாலியூரித்தேனில் வார்த்து வாங்கினோம். பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், யூ.ஜே. கிராஸ், இன்ஜின் மவுன்ட், வீல் சிலிண்டர், பிரேக் ஹோஸ், ரேடியேட்டர் கோர், புது டயர். நண்பர்கள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்து, "டர்போ வந்துருச்சா?" என்று கேட்டுவிட்டு தட்டுவடை செட் வாங்கித் தின்றுவிட்டுப் போவார்கள். 1 லட்சத்து 38 ஆயிரம் செலவு. அதில் டிரிஃப்டுக்கு என்று ஒரு ரூபாய் இல்லை. கையில் காசு தீர்ந்த மாதங்களில் மேஸ்திரியின் பேத்திகளுக்குக் கொலுசு செய்து கொடுத்தேன், சலங்கை வைத்து, கூலி இல்லாமல். சின்னப் பேத்திக்கு இரண்டு தடவை அளவு பெரிதாக்கினேன் என்றால் எவ்வளவு நாள் ஆயிற்று என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த வேலைகளுக்குப் பிறகு அதே மேம்பாலத்தில், அதே மாதிரி மழையில் இறங்கினேன். கார் என் கையில் இருந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அடுத்தது இடம். இங்கே சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டிரிஃப்டுக்காக டிஃபரன்ஷியலை, அதாவது பின் ஆக்ஸிலின் நடுவில் இருக்கும் பல்சக்கர அமைப்பை, வெல்டு வைத்துவிட்டு பைபாஸில் சுற்றுகிற ஆட்களை எனக்குத் தெரியும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக, கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொல்லிவிட்டது. சட்டத்தை விடுங்கள், வெல்டு வைத்த கார் ஈரமான ரவுண்டானாவில் எப்படித் திரும்பும் என்று எனக்குத் தெரியும். ஆகவே காரை உண்மையான டிரிஃப்ட் காராக மாற்றுகிற அன்றோடு அதன் ரோட்டு வாழ்க்கை முடிந்தது என்று முடிவு செய்திருந்தேன். முடித்து எங்கே கொண்டுபோய் வைப்பது? எங்கள் தெருவில் கார் திரும்பவே இடம் இல்லை.

அப்போதுதான் சேகோ பேக்டரி முதலாளி போன் செய்தார். "வண்டி ரெடியா? எப்ப கொண்டாந்து காட்டப் போறீங்க?"

கழுவி மெழுகு போட்டு எடுத்துப் போனேன். வாசலில் நின்றிருந்தார். கதவைத் திறந்து மூடிப் பார்த்தார், மறுபடி திறந்து மூடினார். அந்தச் சத்தத்துக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். 65 ஆயிரத்தைத் தவிர.

கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. "அதாவது, நேரா ஓடற வண்டியக் கோணலா ஓட்டப் போறீங்க."

"ஆமாங்க ஐயா."

"எங்க?"

"எடம் இல்லீங்க."

அவர் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். சேகோ பேக்டரிக்குப் போகாதவர்களுக்கு: ஜவ்வரிசி காயவைக்கப் பெரிய பெரிய சிமென்ட் களம் போட்டிருப்பார்கள், வெயில் பட்டால் கண் கூசும். பின்னால் கொஞ்சம் விரிசல் விட்ட பழைய களத்தில் திப்பி காயும். திப்பி என்றால் கிழங்கை அரைத்து மாவு எடுத்தபின் மிஞ்சும் நார்ச்சக்கை. மாட்டுத் தீவனத்துக்குப் போகும். புளித்த வாடை அடிக்கும், முதல் நாள் குமட்டும், பிறகு பழகிவிடும். அந்தக் களம் சீசன் இல்லாதபோது சும்மாத்தான் கிடக்கும்.

நிபந்தனைகள் போட்டார். மழை பெய்து களம் நனைந்திருந்தால் மட்டும்தான். காய்ந்த சிமென்டில் டயர் தேய்ந்த கறுப்பு மாட்டுத் தீவனத்தில் ஒட்டக்கூடாது. முடித்ததும் நானே கழுவித் தள்ள வேண்டும். ஆறு மணிக்கு மேல் சத்தம் கூடாது. தன் பேரன் அந்தக் காரில் ஏறக்கூடாது, கெஞ்சினாலும். ஆக, விற்ற கார் இரண்டு வருடத்துக்குள் அதே ஷெட்டில் அதே மூலைக்கே திரும்பி வந்தது.

வெல்டிங் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நான் அதிகம் அடிபட்டது அதில்தான். கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக. இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வழி செய்வதுதான் டிஃபரன்ஷியல். ஆனால் அதற்கு ஒரு கெட்ட பழக்கம்: எந்தச் சக்கரத்துக்குப் பிடிப்பு குறைகிறதோ அந்தச் சக்கரம் மட்டும் சும்மா சுற்றும், சக்தி அதோடு வீணாகும். வாலை வீசும்போது எடை குறைந்த உள்பக்கச் சக்கரம் தனியாகச் சுற்றிக் கத்தும், கார் அப்படியே சோர்ந்துவிடும். இரண்டு பின் சக்கரமும் சேர்ந்தே சுற்ற வேண்டும். அதற்கென்று லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் உண்டு. கான்டெஸாவுக்கு அதை நான் எங்கே போய்த் தேடுவது? உள்ளே இருக்கும் நான்கு சின்னப் பல்சக்கரங்களை ஒன்றோடு ஒன்று வெல்டு வைத்துவிட்டால் கதை முடிந்தது. உலகம் முழுக்க காசில்லாத டிரிஃப்ட்காரர்கள் செய்வது இதுதான்.

முதல் தடவை ஒரு பட்டறையில் கொடுத்தேன். பளிச்சென்று வைத்துக் கொடுத்தார்கள். மூன்றாவது மழைக்கு 'டங்'கென்று ஒரு சத்தம். ஆயிலை வடித்தபோது பட்டாணி அளவு இரண்டு துண்டு விழுந்தது. மேஸ்திரி அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு என்னிடமே கேட்டார். "நீ வெள்ளியில பத்த வெக்கும்போது, சூடு ஏத்தாம நேரா வெப்பியா?"

மாட்டேன். சூடு பரவாமல் பொடி ஓடாது. எனக்கு ஏன் தோன்றவில்லை? பல்சக்கரம் கடினப்படுத்திய உருக்கு. குளிர்ந்த உருக்கில் நேரடியாக ஆர்க் வைத்தால், வைத்த இடம் சுற்றியுள்ள இரும்பால் சட்டென்று குளிர்ந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அடுத்த அடியில் விண்டுவிடும். இரண்டாவது தடவை அவரே செய்தார். முதலில் மண்ணெண்ணெயில் கழுவி, பிரஷ் போட்டுத் துடைத்து, பர்னரில் நிதானமாகச் சூடேற்றினார். தண்ணீரைத் தெளித்தால் துளி நிற்காமல் துள்ளி ஓடும் அளவுக்கு. 7018 வெல்டிங் ராடு, அதையும் ஈரம் போகச் சூடு செய்து வைத்திருந்தார். ஒரு பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி வைத்தார். முடித்ததும் நான் தூக்கிப் பார்க்கக் கை நீட்டினேன், கையைத் தட்டிவிட்டு, ஒரு தகர டின் நிறைய அடுப்புச் சாம்பலில் அதைப் புதைத்தார். "நாளைக்கு வா." மறுநாள் காலையில் சாம்பலைக் கிளறி எடுத்தபோதும் வெதுவெதுப்பாகவே இருந்தது. இன்றுவரை அந்த வெல்டு நிற்கிறது.

அதற்குப் பிறகு மெதுவாகத் திருப்பினாலே உள்பக்க டயர் கீச் கீச்சென்று இழுபட்டுத் துள்ளும். ஒருநாள் அப்பா கூட வந்திருந்தார். ஷெட்டிலிருந்து காரை வெளியே எடுக்கும்போது, "ஏண்டா அழுவுது?" என்றார்.

மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. பின் சீட்டைக் கழற்றி மாடியில் வைத்தேன். டிரைவருக்கு பக்கெட் சீட், நான்கு முனை பெல்ட். ஹைட்ராலிக் ஹேண்ட் பிரேக். ஸ்டியரிங் இன்னும் கொஞ்சம் அதிகம் திரும்புவதற்காக ஸ்டாப்பரைச் சில மில்லிமீட்டர் ராவினேன். டயர் பிரேக் ஹோஸில் உரசியது, ஹோஸை நகர்த்திக் கட்டினேன். முன்னால் நல்ல டயர் 30 பி.எஸ்.ஐ., பின்னால் யாரோ கழற்றிப் போட்ட டயர் 45 பி.எஸ்.ஐ.

சூடு மட்டும் விடாமல் தொல்லை கொடுத்தது. டிரிஃப்டில் இன்ஜின் கத்திக்கொண்டே இருக்கும், கார் போகிற வேகமோ சைக்கிள் வேகம். ரேடியேட்டருக்குக் காற்றே வராது. ஐந்து நிமிடத்தில் முள் சிவப்பைத் தொடும். எலக்ட்ரிக் ஃபேன் வைத்தோம், குறையவில்லை. ரேடியேட்டருக்கு முன்னால் திரை கட்டின மாதிரி ஏ.சி.யின் கன்டென்சர். அதையும் கம்ப்ரசரையும் கழற்றி எடுத்தோம். முள் பாதியிலேயே நின்றுவிட்டது. இதை முதலாளியிடம் சொல்லவில்லை.

இன்ஜின் மாற்றவில்லையா என்று கேட்பீர்கள். நானும் ஒரு காலத்தில் ராத்திரி முழுக்க நிஸ்ஸான் சில்வியா கார் இன்ஜின் விலை பார்த்துக்கொண்டிருந்தவன்தான். ஆனால் சுச்சியாவின் பெயரோடு ஒட்டிக்கொண்ட டொயோட்டா ஏ.இ.86-இல் இருந்ததே 1.6 லிட்டர் இன்ஜின்தான். இங்கே பக்கத்தில் கோயம்புத்தூரில் கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை வைத்தே ஒற்றை சீட் ரேஸ் கார் செய்தார். செட்டிப்பாளையத்து டிராக்குக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அங்கே என்றாவது காய்ந்த ரோட்டில் ஓட்டும் நாள் வந்தால் 80 குதிரை போதாது, தெரியும். நனைந்த சிமென்டுக்கு இது ஏற்கெனவே அதிகம்.

இப்போது என் நாள்காட்டி வானம்தான். பச்சைமலைப் பக்கம் கறுத்தால் முதலாளியே போன் செய்துவிடுவார். "தம்பி, தூத்தல் போடுது." பட்டறையில் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு பைக்கை எடுத்தால், வாழப்பாடி தாண்டுவதற்குள் பாதி நாள் மழை நின்றுவிட்டிருக்கும். அப்படித் திரும்பிய நாட்கள்தான் அதிகம்.

முதல் நாள் நீல டிரம் ஒன்றை நடுவில் வைத்து அதைச் சுற்றினேன். சுற்றினேன் என்பது தப்பு. கார் என்னைச் சுற்றியது. கிளட்சை ஒரு உதை உதைத்ததும் வால் கிளம்பும், நான் பயந்து ஆக்ஸிலரேட்டரை முழுதாக விடுவேன், பிடிப்பு சட்டென்று திரும்பி கார் எதிர்ப்பக்கம் எகிறும். நாற்பது தடவைக்கு மேல் எண்ணவில்லை. இரண்டு மழை கழித்துத்தான் புரிந்தது, ஸ்டியரிங்கை நான் திருப்பவே வேண்டாம். வால் போகும்போது கையைத் தளர்த்தினால் முன் சக்கரம் தானாகவே கார் போகிற திசைக்குத் திரும்பிக்கொள்ளும். ஸ்டியரிங் உள்ளங்கைக்குள் வழுக்கி ஓடும். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே பிடித்தால் போதும். கம்பி இழுக்கும்போது அச்சுக்குள் போகும் கம்பியை இறுக்கிப் பிடித்தால் அறுந்துவிடும், விட்டால் சுருண்டுவிடும். அந்தப் பிடிதான் இது. இதைச் சொன்னபோது சித்தப்பா மகன், "உனக்கு எல்லாமே கொலுசுதான்டா" என்றான்.

அப்புறம் இரண்டு டிரம். எட்டு. லைசென்ஸுக்கு பைக்கில் கால் ஊன்றாமல் போட்டோமே, அதே எட்டு. ஒரு டிரம்மைச் சுற்றி முடித்து அடுத்ததற்கு மாறும் இடத்தில் 1,200 கிலோ கிட்ட இருக்கிற உடம்பு முழுவதும் இடமிருந்து வலம் ஊஞ்சல் மாதிரி ஆடும். அந்த ஆட்டம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் காலை வைக்க வேண்டும். முன்னால் என்றால் எவ்வளவு முன்னால்? அதற்கு ஒரு சீசன் ஆனது. போன ஜூலையில் ஒரு சாயங்காலம் அறுபடாமல் மூன்று எட்டு போட்டேன். காரை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றியபோது ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த முதலாளி எழுந்து வந்தார்.

"நான் ஒரு தடவ உக்காரட்டுமா?"

அவர் போட்ட நிபந்தனையில் பேரன் மட்டும்தான் இருந்தான். வேண்டாமுங்க ஐயா என்று மூன்று தடவை சொன்னேன். பக்கத்து சீட்டுக்கும் பெல்ட் இருந்தது. ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, துண்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் சுருட்டி வைத்துக்கொண்டார். பாதி வேகத்தில் ஒரே ஒரு எட்டு. திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. அவர் ஒரு கையால் கதவின் பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கக் கண்ணாடி வழியாகக் களம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தமே இல்லை.

நிறுத்தினேன். மழையில் கண்ணாடி எல்லாம் ஆவி படிந்திருந்தது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. கையை நீட்டி, டாஷ்போர்டில் இடம் பார்த்துத் தேடாமலேயே ஒரு குமிழைப் பிடித்துத் திருகினார். இன்னொரு தடவை திருகினார்.

"ஏன் தம்பி, ஏ.சி. வரலையே?"